ஊதா மூலை

"ஏண்டி பொண்ணு, உனக்கு வாய் இருக்கா, இல்ல ஆண்டவர் வைக்க மறந்துட்டாரா?"

பிலோமினம்மாள் இதைக் கேட்டபோது எங்கள் தோ பாயோ அடுக்குமாடி வீட்டின் முன்னறை நிறையப் பெண்கள் ஜெபமாலைக்காகக் கூடியிருந்தார்கள். நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். சீனி போடலாமா என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் கோப்பையை நீட்டிவிட்டேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

பதில் எனக்குத் தெரியும். எனக்கு எப்போதும் பதில் தெரியும். பள்ளிக்கூடத்தில் வாய்மொழித் தேர்வு வைத்தபோது ஒரு பூங்காவின் படத்தைக் காட்டி, இதைப் பற்றிச் சொல் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவரைப் பற்றியே நான் அரைமணி நேரம் சொல்லியிருப்பேன். ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அந்தக் கிழவரை வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன். இப்படி நோட்டுகள் சேர்ந்தன, மதிப்பெண் சேரவில்லை. உயர்நிலை இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பெண்கள் கூட்டமாக வந்தது என்னால் அல்ல, டிவியால்.

அப்பா இறந்த பிறகு அம்மா ஒரு பள்ளி உணவகத்தில் தட்டுக் கழுவப் போனாள். கோயிலில் அவளுக்குப் பின்வரிசைதான். கடைசி ஆசீர் முடிந்ததும் யாரோடும் நின்று பேசாமல் பஸ்ஸுக்கு ஓடுவாள். ஜெபமாலை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொரு வீட்டில் நடக்கும். எங்கள் வீட்டு முறை வந்தபோது, சுவர்ப் பலகையில் இருந்த மாதா சுரூபத்தை இறக்கி, வீட்டில் இருந்ததிலேயே நல்ல பொருளின்மேல் வைத்தாள். அது கலர் டிவி. அப்பா இருந்தபோது வாங்கியது. சரிகைத் துணி விரித்து, பிளாஸ்டிக் ரோஜா வைத்து, இடப்பக்க ஓரத்தில் மாதாவை நிறுத்தினாள். வேளாங்கண்ணிக்குப் போன மாமா கொண்டுவந்த சுரூபம் அது. பீடத்தில் ஒரு பித்தான் உண்டு, அமுக்கினால் பாட்டு வரும். முதல் மாதமே பேட்டரி தீர்ந்தது. மாதா ஒருகாலத்தில் பாடினார் என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று.

அன்று ஜெபமாலை முடிந்து யாரோ செய்தி பார்க்க டிவியைப் போட்டார்கள். திரையின் மேல்மூலையில், மாதாவின் காலடிக்கு நேர் கீழே, ஊதா நிறத்தில் ஓர் ஒளி நின்றது. செய்தி வாசித்தவரின் தலைமுடி பாதி ஊதாவாகத் தெரிந்தது. அலைவரிசையை மாற்றினார்கள். ஒளி போகவில்லை. பிலோமினம்மாள் கோயில் பெண்கள் ஜெபக் குழுவின் தலைவி. அவர் முழங்காலிட்டதும் மற்றவர்களும் முழங்காலிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஜெபமாலை வேறு வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் வீட்டில், டிவியைப் போட்டு, சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டுச் சொல்வார்கள். திரையில் சீன நாடகம் ஓடும், சவர்க்கார விளம்பரம் ஓடும், சில வாரம் பந்தாட்டம் ஓடும். பந்தோடு மூலைக்கு ஓடுகிறவன் ஊதாவாகி, அங்கிருந்து திரும்பியதும் பழைய நிறத்துக்கு வருவான். பெண்கள் மணிகளை உருட்டிக்கொண்டே அவனைப் பார்ப்பார்கள். மற்ற பேட்டைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அம்மா முன்வரிசைக்குப் போனாள். பூசை முடிந்தால் பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். பிலோமினம்மாள் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து "செசிலி, செசிலி" என்று அவளைத் தன் பக்கத்திலேயே இருத்திக்கொண்டார்.

அண்ணன் அலெக்சாண்டர் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். கட்டாய ராணுவ சேவையை முடித்துவிட்டு அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். 1986ஆம் ஆண்டு அவன் ஜாலான் புசார் பக்கத்துக் கடை ஒன்றிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தான். பெயர் பெற்ற கம்பெனியுடையது அல்ல, அதைப் பார்த்து வேறு யாரோ செய்தது. தனித் திரை வாங்க முடியவில்லை. வீட்டு டிவியில் கம்பியை மாட்டினால் போதும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து வேறு சாமான் எடுத்துக்கொள்ளலாம்.

அதில் தமிழை வரவைத்தவர் அண்ணனோடு வேலை பார்த்த யாக்கூப். கட்டம் போட்ட தாளில் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து, எந்தப் புள்ளி எரிய வேண்டும், எது அணைந்திருக்க வேண்டும் என்று எண்களாக மாற்றி, ஒரு ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்திருந்தார். எந்த விசையை அமுக்கினால் எந்த எழுத்து என்று ஓர் அட்டையும் எழுதித் தந்தார்.

அண்ணன் வேலைக்குப் போனதும் நான் அதன்முன் உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் கண்ணைச் சிமிட்டியது. நான் எழுதும்வரை சிமிட்டிக்கொண்டே இருந்தது. எனக்காக யாரும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. காத்திருந்தவர்களும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் காத்திருந்தார்கள். அன்று மத்தியானம் சாப்பிடாமல் எழுதினேன். அடுத்த வாரத்துக்குள் அட்டையைப் பார்க்காமலே எழுத வந்தது.

கோயில் திருநாள் மலரைத் தயாரிக்கும் செயலாளர் அண்ணனிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இதில் தமிழ் சுத்தமாக வருமானால் மலரை மட்டுமல்ல, கோயில் அறிவிப்புகள் எல்லாவற்றையும் அடிக்கக் கூலிக்கு எங்களிடமே தருவதாக. எழுதப் போவது நான் என்று அண்ணன் முடிவுசெய்திருந்தான். இல்லாவிட்டால் எனக்கு வேறு ஏற்பாடு தயாராக இருந்தது. சித்தி மகள் பிரிஜட் ஜூரோங்கில் ஒரு மின்பொருள் ஆலையில் வேலை செய்தாள். எனக்காக அங்கே சூப்பர்வைசரிடம் பேசி வைத்திருந்தாள். விடியற்காலை கம்பெனி பஸ், வரிசையாகப் பெண்கள், நாள் முழுக்கப் பேச்சு. பிரிஜட்டுக்கு அது சொர்க்கம். பஸ்ஸில் போனால் வழியில் கண்ணில் படும் பலகையை எல்லாம் உரக்கப் படிக்கிறவள் அவள். எனக்கு அங்கே ஒரு நாள்கூட ஓடாது. மெஷின் இருந்தால் நான் வீட்டில், மெஷின் போனால் நான் ஜூரோங்கில். அம்மாவும் அண்ணனும் அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள். என்னிடம் கேட்கவில்லை.

தமிழ் சுத்தமாக வரவில்லை.

திரையின் முதல் சில வரிகள் கெட்டுப்போயின. நேர்க்கோடாக இருக்க வேண்டியது இரண்டாகப் பிரிந்து, ஒன்று சிவப்பாகவும் அதன் பக்கத்தில் ஒன்று பச்சையாகவும் நின்றது. வரியே வளைந்தது. சுழியெல்லாம் ஊதாவில் கரைந்து, எது எந்த எழுத்து என்று தெரியாமல் போனது. அண்ணன் முதலில் எழுத்துகளைச் சந்தேகப்பட்டான். கோடு மெல்லியதாக இருப்பதால் டிவி தாங்கவில்லை என்று சொல்லி, ஒவ்வோர் எழுத்தையும் கொழுக்கவைத்தான். சுழிகள் அடைத்துக்கொண்டு எல்லாம் மூட்டைப்பூச்சி மாதிரி ஆயின. யாக்கூப் வேறு ஃப்ளாப்பி கொடுத்தார். கம்பியை மாற்றினார்கள். டிவியின் குமிழைத் திருகினார்கள். ஆன்டெனாவைக் கழற்றினார்கள். யாக்கூப் வீட்டு டிவியில் அதே எழுத்து முத்து முத்தாக வருகிறதாம்.

ஒருநாள் நான் திரை முழுவதும் ஒரே எழுத்தை அடித்தேன். ழ. மேலிருந்து கீழ்வரை வெறும் ழ. கீழே இருந்த ழ எல்லாம் நல்ல ழ. நடுவிலும் குறையில்லை. இடப்பக்க மேல்மூலையை நெருங்க நெருங்கத்தான் சாய்ந்து, பிரிந்து, நிறம் மாறி, மூலையில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. எழுத்தில் குறையில்லை, அதை நிற்கவைத்த இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, சொல்லாமல், அவன் வரும்வரை திரையை அப்படியே விட்டுவைத்தேன்.

அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை யாக்கூப்பை வரவழைத்தான். யாக்கூப் டிவியின் முன் குனிந்து, மூலையை விரலால் தட்டிப் பார்த்து, டிவிதான் பிரச்சினைலா, மூலையில் கலர் ஓடுகிறது, ரிப்பேருக்குக் கொடு என்றார். அம்மா சமையலறையிலிருந்து அகப்பையோடு வந்தாள்.

"அது ரிப்பேர் இல்ல தம்பி. அது மாதா வெளிச்சம்."

யாக்கூப் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். "சரிங்கம்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, தேநீரைக் குடித்து முடித்து யாக்கூப் கிளம்பிவிட்டார்.

இது பிலோமினம்மாள் காதுக்குப் போனது. அவர் உடனே தீர்ப்புச் சொன்னார். வெளிச்சம் விழும் இடத்தில் மெஷினின் எழுத்து நிற்கவில்லை, இதைவிட என்ன அடையாளம் வேண்டும், முதலில் அந்தப் பெட்டியை வீட்டைவிட்டு அனுப்பு என்றார். அம்மா அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் மறுக்கவில்லை. திங்கட்கிழமை கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு ரேடியோ கேசட் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். பிரிஜட்டுக்கும் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பேசாமல் இருப்பதில் இருக்கும் ஒரே வசதி அது.

வியாழக்கிழமை இருவரும் வேலைக்குப் போனபிறகு, திரை முழுக்க மறுபடியும் ழ அடித்தேன். பிறகு வீட்டில் உள்ளதை ஒவ்வொன்றாக விலக்கத் தொடங்கினேன். காற்றாடியை நிறுத்தினேன். மூலை அப்படியே இருந்தது. குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். அப்படியே. டிவிக்குப் பின்னால் சுருண்டு கிடந்த கம்பிகளைத் தள்ளிவைத்தேன். பிளாஸ்டிக் ரோஜாவை எடுத்தேன். அப்பாவின் படத்தை எடுத்தேன். சரிகைத் துணியை ஒரு பக்கமாக உருவினேன். கடைசியில் டிவிமேல் மாதா மட்டும் நின்றார்.

அந்தச் சுரூபத்தை அம்மா மட்டும்தான் தொடுவாள். குளித்துவிட்டு, டிவியை அணைத்துவிட்டு, பிறகுதான் தொடுவாள். டிவி ஓடும்போது மாதாவைத் தூக்குவது மரியாதை இல்லை என்பது அவள் வைத்த சட்டம். அதனால் டிவி எரியும்போது அந்த இடத்தில் மாதா இல்லாமல் பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் ஒருவரும் கிடையாது.

மாதாவோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. "கொஞ்சம் இறங்குங்க" என்று சொன்னேன். வீட்டில் யாரும் இல்லாததால் சத்தமாகவே சொன்னேன். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் தூக்கினேன்.

சாய்ந்திருந்த வரி நிமிர்ந்தது. துணியை உதறிப் பிடித்ததுபோல் ஒரே இழுப்பில் நேரானது. பிரிந்த நிறங்கள் ஒன்றுசேர்ந்து வெள்ளையாயின. மூலையில் லேசான ஊதாக் கறை மட்டும் மிச்சம். சுரூபத்தைக் கிட்டே கொண்டுபோனேன். எழுத்துகள் அதன் பக்கமாகச் சாய்ந்தன. வலப்பக்கம் கொண்டுபோனேன். வலப்பக்கத்து எழுத்துகள் சாய்ந்தன. டிவியை அணைத்துப் போட்டபோது உள்ளே டொங்கென்று ஒரு சத்தம் வந்தது, கறையும் போய்விட்டது. வெள்ளை ழ, முதல் மூலையிலிருந்து கடைசி மூலைவரை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

சாயங்காலம் அம்மா வருவதற்குமுன் அண்ணன் வந்துவிட்டான். அவனுக்குச் செய்து காட்டினேன். அவன் சுரூபத்தை வாங்கிக் கவிழ்த்தான். பீடத்தின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் வட்டமாக இருந்தன.

"ஸ்பீக்கர்லா. முன்னே பாடும்ல. ஸ்பீக்கர்ல காந்தம் இருக்கும். காந்தம் பக்கத்துல வந்தா கலர் டிவி இப்படித்தான் ஆகும். அத எடுத்துட்டு அணைச்சுப் போட்டா டிவியே சரிபண்ணிக்கும்."

ஒருமுறை சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, ரோஜா, படம், துணி எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி, மாதாவைப் பழைய இடத்தில் வைத்தான். யாக்கூப் வந்துபோன அன்றே தனக்கு இந்தச் சந்தேகம் வந்ததாகவும், அதனால்தான் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டதாகவும் சொன்னான். அம்மாவிடம் சொல்லாதே என்றான்.

"கோயில்ல அம்மாவைப் பாக்கறல்ல இப்ப? எப்படி நடக்கறாங்க? இதை விட்டா அவங்களுக்கு வேற என்ன இருக்கு?"

"எனக்கு?" என்றேன்.

நான் அப்படித் திருப்பிக் கேட்டு அவன் பழகவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் என்னை பஸ் ஏற்றிவிட இருந்தான். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ஆனாலும் முதலில் அம்மாவிடம் சொல்வதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. வெள்ளிக்கிழமை அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். மாதாவுக்கு அடியில் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது, அதனால்தான் அந்த நிறம், வந்து பாருங்கள், காட்டுகிறேன் என்று சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இத்தன வருஷமா வாயத் தொறக்காதவ. தொறந்தது இதுக்குத்தானா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். சுரூபத்தில் கை வைக்கக் கூடாது, திங்கட்கிழமை மெஷின் போகும், அடுத்த வாரம் நான் பிரிஜட்டோடு போக வேண்டும் என்றாள். நான் சொன்னது பொய் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. வந்து பார்க்கவும் இல்லை.

சனிக்கிழமை பெண்கள் வருவதற்குமுன் திரையில் திருநாள் மலரின் முதல் பக்கத்தை அடித்துவைத்தேன். கொடியேற்றம் எப்போது, நவநாள் எப்போது, தேர் எந்தத் தெரு வழியாகப் போகும், எல்லாம். அதற்கு மேலே, ஊதா மூலையில் தொடங்கி, ஒரு வரி எழுதினேன். அடித்து முடித்தபோது நான் எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை. டிவியை மட்டும் அணைத்துவிட்டு மெஷினை அப்படியே விட்டேன். பிறகு போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.

பிலோமினம்மாள் வந்து உட்கார்ந்ததும் மெஷின் பேச்சை எடுத்தார். போவதற்குமுன் அந்தக் கூத்தையும் ஒருதடவை பார்த்துவிடலாம், போடு தம்பி என்று அண்ணனிடம் சொன்னார். அவன் தயங்கி அம்மாவைப் பார்த்தான். அம்மா தலையசைத்தாள். அவன் டிவியைப் போட்டான்.

பெண்கள் பாயில் முன்னுக்கு நகர்ந்தார்கள், அன்று வந்திருந்த பிரிஜட்டும்தான். தமிழ் எழுத்து டிவியில் வருவதை அவர்களில் பலர் அதற்குமுன் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. தேர் போகும் தெருப்பெயரை ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படித்து மகிழ்ந்தாள். பிலோமினம்மாள் குடை நுனியால் மேல்மூலையைக் காட்டினார்.

"பாத்தியா செசிலி, கீழெல்லாம் ஒழுங்கா நிக்குது. மாதா கால் பட்ட இடத்துல நிக்க முடியல பாரு." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "மேல என்னடி எழுதியிருக்க?" என்றார். பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அல்ல அது. அதற்குள் அவர் பக்கத்துப் பெண்ணிடம் வேறு ஏதோ பேசத் தொடங்கிவிட்டார்.

நான் தட்டைத் தரையில் வைத்தேன். பாயில் உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களுக்கிடையே நடந்து டிவியிடம் போனேன். மாதாவை இரண்டு கையாலும் தூக்கினேன். அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் நிற்கவில்லை. அறையின் மறுகோடியில், ஜன்னலோரம், தையல் மெஷின் மேசைமேல் கொண்டுபோய் வைத்தேன். திரும்பியபோது வரி நேராகியிருந்தது. ஊதா மட்டும் மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் எழுந்தான். என்னைப் பிடித்து இழுக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் டிவியை அணைத்தான், மறுபடி போட்டான். உள்ளே டொங்கென்றது. யாரையும் பார்க்காமல் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான்.

ஊதா இல்லை. பிரிஜட்டுக்குக் கண்ணில் பட்டதைப் படிக்காமல் இருக்க முடியாதே. உரக்கப் படித்தாள்.

"'என் பெயர் ஜோசபின். எனக்கு வாய் இருக்கிறது. எப்போது திறப்பது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.'"

படித்து முடித்த பிறகுதான் எதைப் படித்தோம் என்று அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. பிலோமினம்மாள் சுரூபத்தை முதலில் அதன் இடத்தில் வை என்றார். நான் வைக்கவில்லை.

"அதுக்கு அடியில ஸ்பீக்கர் இருக்கு ஆன்ட்டி. ஸ்பீக்கர்ல காந்தம் இருக்கு. எந்த டிவி மேல வெச்சாலும் மூலை ஊதா ஆயிடும். வேணும்னா உங்க வீட்டுக்குக் கொண்டுபோய் வெச்சுப் பாருங்க."

அவ்வளவு பேருக்கு நடுவில் நான் அவ்வளவு பேசியதில்லை. குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிலோமினம்மாள் அம்மாவின் பக்கம் திரும்பினார். "வாயில்லாத பிள்ளைன்னு நினைச்சேன் செசிலி. இவ்வளவு வாய்க்கொழுப்பா இதுக்கு? நீயும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க."

அம்மா எழுந்து தையல் மேசைக்குப் போனாள். சுரூபத்தைச் சரித்து, அடியில் பார்த்தாள். ஓட்டைகளின்மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். பிறகு பீடத்தின் பித்தானை ஒருமுறை அமுக்கினாள். ஒன்றும் பாடவில்லை. அறையில் இருந்த அத்தனை பெண்களும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சில நிமிடத்தில் அம்மா கோயிலின் முன்வரிசையிலிருந்து எழுந்து பின்னால் போவதை நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பார்த்தும், மாதாவை டிவிமேல் திருப்பி வைக்க நான் போகவில்லை.

அவள் சுரூபத்தை நேராக நிமிர்த்தினாள். கழுத்து மாலையைச் சரிசெய்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"நீங்கதானக்கா கேட்டீங்க, வாய் இருக்கான்னு" என்றாள். "பதில் சொல்லியிருக்கா."

பிறகு, அண்ணனைப் பார்த்து, "திங்கக்கிழமை கடைக்குப் போக வேணாம்" என்றாள். அவ்வளவுதான். பாயின் ஓரத்தில், தையல் மேசையைப் பார்த்து முழங்காலிட்டு, மடியிலிருந்து ஜெபமாலையை எடுத்தாள்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரிஜட் முதலில் திரும்பி உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து வேறொருத்தி திரும்பினாள். இரண்டு பேர் எழலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அம்மா சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்கினாள். குரல் கரகரத்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

பிலோமினம்மாள் மட்டும் எழுந்து, டிவியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். திரையில் என் வரி இருந்தது. அதன் முடிவில் அந்த வெள்ளைக் கட்டம் சிமிட்டிக்கொண்டு காத்திருந்தது. அவர் அந்த வரியை இன்னொருமுறை படிப்பது தெரிந்தது. உதடுகள் அசைந்தன. என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன், தலையைக் குனியவில்லை. அவர் கைப்பையைத் தோளில் மாட்டினார், குடையை எடுத்தார், வாசலில் செருப்பின் வாரைக்கூட மாட்டாமல் காலை நுழைத்துக்கொண்டு, தாழ்வாரத்தில் லிஃப்டை நோக்கி நடந்தார், ஒரு வார்த்தையும் சொல்லாமல்.